வெல்டரின் மகள் கேட்ட குரல்

அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை போட வேண்டும், முன்னால் அல்ல.

தொழிலாளர் விடுதி மேற்பார்வை வேலை பழகிவிட்டது. நேற்று ஒரு வேடிக்கை. எதிர் அறை வெல்டர் தினமும் சாயங்காலம் போனில் தன் மகளுக்குக் கதை படிப்பார். அவளிடமும் அதே புத்தகம் இருக்கிறது. அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். நேற்று தொண்டை கட்டிக்கொள்ளவே, "வாத்தியாரே, நீங்க படிங்க" என்றார். கரடிக்கு ஒரு குரல், அணிலுக்கு ஒரு குரல் என்று வெளுத்துக் கட்டினேன்.

"தாத்தா, நல்லாத்தான் படிக்கிறீங்க. ஆனா எங்கப்பாகிட்ட குடுங்க" என்றாள் குழந்தை.

அவர் போனை வாங்கி, கட்டிய தொண்டையோடு படிக்கத் தடுமாறினார். "அப்பா, நீ தண்ணி குடி, நான் படிக்கிறேன்" என்று பக்கம் முழுவதையும் அவளே படித்துவிட்டாள்!

நம் பேத்திக்கு நான் இத்தனை நாள் போனில் படித்தும், அவளாக ஒரு வரி படித்ததில்லை. நான் இருக்கிறேனென்று நம் பையனும் ஒதுங்கிவிட்டான். இனி அவனே படிக்கட்டும். "எனக்கு வராதும்மா" என்பான். சோறு ஊட்டுவதற்குச் சமைக்கத் தெரிய வேண்டுமா என்று கேள். நான் இனிமேல் சாயங்காலம் கூப்பிட மாட்டேன்.

கண்ணாடிக் கயிறு அறுந்துவிட்டது, ஒன்று அனுப்பு. சாப்பாட்டுக்கு அழைக்கிறார்கள், முடிக்கிறேன். இன்னொன்று, பையனும் பேத்தியும் படிக்கும்போது எனக்குப் போன் போட்டு ஓரமாக வைத்துவிடு. நான் மூச்சுக்கூட விட மாட்டேன்.

உன் வாத்தியார்