சலோமியின் பலாமரம்

12 ஆகஸ்ட் 1979, ஞாயிறு

காரோடு கிராமத்திலிருந்து சலோமி என் போட்டோ ஸ்டுடியோவுக்கு வந்தாள். வீட்டுப் பலாமரத்தைப் படமெடுத்து அனுப்பும்படி துபாயிலிருந்து கணவன் எழுதியிருக்கிறான். நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் கிடைத்த பத்து சென்ட் நிலத்தில் அவன் நட்ட முதல் மரம். போன வாரக் காற்றில் விழுந்துவிட்டது.

"அண்ணா, பழைய படத்துல உள்ள பிலாவ வெட்டி, இப்ப எடுத்த வீட்டுப் படத்துல ஒட்டித் தாருங்க."

ஒரு கொக்கைப் படமெடுக்க மூன்று நாள் சேற்றில் காத்திருப்பவன் நான். எந்தப் படத்திலும் ஓர் இலையைக்கூடச் சேர்த்ததில்லை.

"அது பொய்யாக்கும்," என்றேன்.

"அவரு இன்னும் ரெண்டு வருசம் அங்க கெடக்கணும் அண்ணா."

பழைய படத்தையும் மரமில்லாத புதுப் படத்தையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. சாயங்காலம் வரை அவற்றைத் தொடவில்லை. பிறகு கத்தரிக்கோலை எடுத்தேன்.

ஒட்டிய இடம் எனக்கே தெரியவில்லை. அதுதான் தூங்கவிடமாட்டேன் என்கிறது.