கினாகோவைக் கூப்பிடத் தெரியாத அப்பா

அன்பு மகள் சாயோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பெர்லினில் குளிர் தொடங்கிவிட்டதாமே, நீ காய்ச்சல் தடுமன் இல்லாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். உன் பூனை கினாகோவும் நலம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்கும்போது உனக்குப் பதறும். எப்போதும் அம்மாதான் எழுதுவாள், இந்தத் தடவை நீங்க செஞ்ச காரியத்த நீங்களே எழுதுங்க, எனக்கென்ன வந்துச்சு என்று பேனாவை என் முன்னால் வைத்துவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

நீ விட்டுப்போன நாளிலிருந்து உன் பூனை என்னை மதித்ததில்லை. கூப்பிட்டால் காது மட்டும் திரும்பும், உடம்பு அசையாது. நான் எப்படிக் கூப்பிடுவேன் என்று உனக்குத் தெரியும், உன்னையும் அம்மாவையும் கூப்பிட்ட அதே ‘ஓய்’தான். எழுபது வயதுப் படகுக்காரன் ஒரு பூனையை, அதுவும் வறுத்த சோயா மாவின் பெயரைச் சொல்லிக் கொஞ்சுவதா என்று எனக்குக் கூச்சம். போன வாரம் கினாகோ, மரச்சட்டக் கதவில் புதிதாக ஒட்டியிருந்த காகிதத்தைக் கீறிக்கொண்டிருந்தாள், ஓய் என்றேன், கேட்கவில்லை, மேசையில் ஓங்கி அறைந்து படகில் கத்துவதுபோலக் கத்தினேன். பின்கதவு திறந்திருந்தது. ஒரே ஓட்டம், போய்விட்டாள். அன்றைக்கு விடாத மழை, அம்மா சாப்பிடவே இல்லை. நீ ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எந்த முகத்தோடு என்ன சொல்வேன்.

மறுநாள் தேடப் போனேன், அதையாவது ஒழுங்காகச் செய்தேனா, நான்தான் தெருச் சங்கத் தலைவராயிற்றே, குப்பை போடும் இடங்களைப் பார்வையிடுவதுபோல கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் நடந்தேன். பூனைக்காக அலைகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. மீன்கடை உராபே அம்மாள்தான் பொறுக்க முடியாமல், இங்க பாருங்க தலைவரே, குப்பைய எத்தன தடவதான் பாப்பீங்க, பூனை ஓடிப்போனது தெருவுக்கே தெரியும், பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, இல்லாட்டி அந்தக் கறுப்பன்கிட்டயாவது சொல்லி அனுப்புங்க என்றாள். காணாமல்போன பூனைக்குத் தெருப்பூனையிடம் சேதி சொல்லி அனுப்புகிறவர்களைப் பார்த்து நான் எவ்வளவு சிரித்திருப்பேன். கறுப்பன் யார் தெரியுமல்லவா, யாரை விரட்டத் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை வாசலில் வரிசையாக வைத்து, தெரு முழுக்க வைக்கச் சொன்னேனோ அந்தத் தடியன்தான். ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து என்னையே பார்த்தான். தொப்பியைக் கழற்றி இடுப்புவரை குனிந்தேன். எங்க வீட்டுப் பொண்ணப் பாத்தா வரச் சொல்லுங்க, தப்பு என்மேலதான் என்றேன். மரியாதை தானாகவே வந்துவிட்டது. உராபே அம்மாள் ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குமேல் போக என்ன மானம் மிச்சம். கினாகோ, கினாகோச்சான், வாம்மா என்று செல்லப்பெயர் வைத்துக் கத்திக்கொண்டே படகுத்துறைவரை போனேன், குரல் கீச்சென்று உடைந்தது, பள்ளிப் பிள்ளைகள் சிரித்தார்கள். வலைக் கொட்டகைக்குள்ளிருந்து பதில் வந்தது. நனைந்து நடுங்கிக்கொண்டு என் காலடிக்கே வந்தாள். பின்னாலேயே வந்திருந்த அம்மா, நாப்பது வருசத்துல என்னை ஒரு தடவ பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பீங்களா, பூனைக்கு வந்த வாழ்வப் பாரு என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் பூனையைத் துவட்டிய துண்டாலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது நீ, அவளப் பாத்து மெதுவா கண்ண மூடித் திறங்கப்பா, பூனை பாஷையில அதுதான் பிரியம் என்றாய், பைத்தியக்காரத்தனம் என்றேன். நேற்று செய்து பார்க்கலாம் என்று எதிரில் உட்கார்ந்தேன். நான் தொடங்குமுன் அவளே என்னைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தாள், மேசையை அறைந்து விரட்டியவனைப் பார்த்து. என்னால் அவளை நேரே பார்க்க முடியவில்லை, செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே, வேளைக்குச் சாப்பிடு, எந்த ஊரில் இருந்தாலும் நீ சுகமாக வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திட்டுவதை எல்லாம் திட்டிவிடு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவை இன்னும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. ‘தோஷியே’ என்று அவள் பெயரை இந்தக் காகிதத்தின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன், அதற்கே காது சுடுகிறது. அதை அவளிடம் சொல்லிவிடாதே.

உன் அப்பா,
இவாவோ