இருட்டுப் படத்தில் விழுந்த கை

அம்மாவுக்கு உங்கள் பிள்ளையின் வணக்கம். மூட்டுவலி தேவலையா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. முடியைவிட மெல்லிய கரிக்குழாய்களிலிருந்து எலெக்ட்ரான்களை இழுத்து, ஊசிமுனையிலும் சிறிய புள்ளியில் எக்ஸ்ரே உண்டாக்குவதுதானே எங்கள் வேலை? தினமும் முதலில் எக்ஸ்ரேயை அணைத்துவைத்து ஒரு வெற்றுப்படம் எடுப்போம். அது வெறும் கறுப்பாகத்தான் இருக்கும். நேற்று அதில் ஒரு கையின் எலும்புகள் தெரிந்தன. மோதிரவிரல், பஸ் கதவில் நசுங்கிய அப்பாவின் விரலைப் போலவே கோணியிருந்தது.

“பழைய படத்தோட மிச்சம்டா, பேயறைஞ்ச மாதிரி நிக்காதே” என்று கூட வேலை செய்யும் அண்ணன் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் படமெடுக்கும் பெட்டிக்குள் நாங்கள் கம்ப்யூட்டர் சிப்புகளைத்தான் வைப்போம், கையை வைத்ததே இல்லை.

கருவியின் கறைகள் நீங்குவதற்காக, வழக்கம்போல அந்த வெற்றுப்படத்தையே மற்ற படங்களிலிருந்து கழித்துத் தொலைத்துவிட்டேன். இப்போது எல்லாப் படத்திலும் கை வடிவத்தில் ஒரு வெறுமை இருக்கிறது.

இரண்டு பனியன் அனுப்புங்கள். போன கடிதத்தின் உறையில் முகவரி உங்கள் கையெழுத்தில் இருந்தது. எப்போதும் அப்பாதானே எழுதுவார்?

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த உறையில் அப்பாவையே எழுதச் சொல்லுங்கள் அம்மா. முகவரியை நீங்கள் எழுதினாலும், அவர் கையால் என் பெயர் மட்டும் போதும்.