தங்கிப் போக வசதியான இடம்

டோர்ட்மண்ட்
02.06.2025

கொட்வினுக்கு,

அன்புள்ள தம்பி என்று தொடங்க மனம் வரவில்லை. வாட்ஸ்அப்பில் உன்னைத் தடுத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

நீ முகநூலில் எழுதியதை வாசித்தேன். "டோர்ட்மண்டில பார்க்க ஒண்டுமில்லை, பழைய இரும்பாலையும் புகைபோக்கியும்தான். ஆனால் தங்கிப் போக வசதியான இடம். காரில ஒரு மணித்தியாலம் ஓடினால் வெப்பமண்டலம்." ஒன்பது நாள் என் சமையலைத் தின்றுவிட்டு எழுதியிருக்கிறாய். ஒரு நாள் கண்ணாடிக் கூரைக்குக் கீழே வளர்த்த தென்னைமரம், ஒரு நாள் வண்ணத்துப்பூச்சி வீடு, இன்னொரு நாள் சுடுதண்ணீர்க் குளம். தன் அறையை உங்களுக்குத் தந்துவிட்டு சோபாவில் படுத்தாளே என் மகள் சாண்ட்ரா, அவளை ஒரு நாளாவது கூட்டிப்போனாயா?

நீ லண்டனிலிருந்து வந்ததே அவளுடைய உறுதிபூசுதல் பூசைக்கு. அவள் தோளில் கை வைத்து நிற்க வேண்டிய ஞானத்தகப்பன் நீ. மூன்று மணிக்குப் பூசை என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஆயருக்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளின் தோளிலும் ஒரு கை இருந்தது. என் பிள்ளை மட்டும் தனியாக நின்றாள். என்னோடு சலவைப் பகுதியில் வேலைசெய்யும் டொறத்திதான் பின்வரிசை வாங்கிலிருந்து எழும்பிப்போய்க் கை வைத்தாள். நீ நாலரைக்கு ஈரத்தலையோடு வந்து, படம் எடுப்பதற்காக அவளை மறுபடி நிறுத்தித் தோளில் கை வைத்தாய். வெட்கமாக இல்லையா உனக்கு?

கோயிலின் பங்கு அலுவலகப் பதிவில் ஞானத்தகப்பன் பெயர் இன்னும் உன்னுடையதுதான். மாற்றுவதா என்று கேட்கிறார்கள். அவளிடம் மன்னிப்புக் கேட்டு எழுது. இல்லாவிட்டால் மாற்றிவிடுவேன்.

லவினியா

லண்டன்
11.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவரின் கிருபையால் நாங்கள் நலம். உங்கள் கடிதத்தை வாசித்து கிருசாந்தி அழுதுவிட்டாள். என் மனைவியை இப்படி நோகடிக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

எங்கட ஆக்களின் பூசை மூன்று மணி என்றால் நாலுக்குத்தான் தொடங்கும். ஜெர்மன் ஆயர் சரியாக மூன்றுக்கே தொடங்குவார் என்று நான் கண்டேனா? எங்கள் பிள்ளைகளும் சுடுதண்ணீர்க் குளத்தைவிட்டு ஏறமாட்டோம் என்று நின்றார்கள். படம் நல்லாய்த்தானே வந்திருக்கிறது? முகநூலில் இருநூறு பேருக்கு மேல் விருப்பம் போட்டிருக்கிறார்கள். பிந்தி வந்தேன் என்று யாருக்குத் தெரியும்? சின்ன விசயத்தைப் பெரிசாக்குகிறீர்கள்.

ஓகஸ்டில் மறுபடி வருகிறோம். கிருசாந்தியின் தங்கச்சி குடும்பமும் வருகிறது, அவர்கள் வண்ணத்துப்பூச்சி வீடு பார்க்கவில்லை. சாண்ட்ராவின் அறையும் வரவேற்பறையும் எங்களுக்குப் போதும். போனமுறை நீங்கள் தந்த வீட்டுச் சாவி என்னிடமே இருப்பதால் உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை.

உங்கள் அன்புத் தம்பி,
கொட்வின்

டோர்ட்மண்ட்
20.06.2025

கொட்வினுக்கு,

உன் கடிதத்தை சாண்ட்ராவிடமே கொடுத்தேன். பதினைந்து வயதானாலும் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அரை மணித்தியாலம் இருந்து வாசித்தாள்.

"அம்மா, இந்தக் கடிதத்தில என்ர பேர் ஒரு இடத்திலதான் இருக்கு. அறை கேக்கிற இடத்தில."

அடுத்த நாள் பள்ளிக்கூடம் முடிந்ததும் தானே பங்கு அலுவலகத்துக்குப் போனாள். இப்போது அங்கே டொறத்தியின் பெயர் இருக்கிறது.

அந்தப் படத்தை முகநூலிலிருந்து எடுத்துவிடு. சாவியைத் தபாலில் அனுப்பு. ஸ்டேஷனுக்கு முன்னால் ஹோட்டல் இருக்கிறது. அங்கிருந்தும் வெப்பமண்டலத்துக்கு ஒரு மணித்தியாலம்தான்.

லவினியா