மூலையில் கருப்பு பட்ட கார்டு

1996 ஜூன் 12, காலை ஐந்தே முக்கால். என் முன்னால் போஸ்ட் கார்டுகள் பதினெட்டு.

உன் அம்மா நேற்று சாயங்காலம் போய்விட்டார்கள். அதே மூச்சிரைப்புத்தான். நான் மில்லில் இருக்கும்போது சேதி வந்தது, அப்படியே வந்துவிட்டேன். உங்கள் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு எழுத வேண்டும். சாவுக் கார்டு என்றால் மூலையில் கருப்பு தடவ வேண்டும். கரி தேடிக்கொண்டிருந்தேன். மம்சாபுரத்திலிருந்து வந்திருக்கும் உன் தாய்மாமா என் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கரி எதுக்குலே? ஒன் கையிலதான் அம்புட்டு கிரீஸ் இருக்கே, அதையே தடவிரு.”

அவருக்கு ஒன்றும் தெரியாது. உனக்குத் தெரியும்.

எண்பத்தெட்டில் மில் கேட் முன்னால் நடந்த தகராறில் உன்னையும் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஜெயிலில் வைத்தார்கள். நீ உள்ளே போகும்போதே உன் அம்மாவுக்கு இரைப்பு அதிகம். இரண்டே வாரத்தில் ஆள் தேறிவிட்டார்கள். அதை உனக்குச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் போனால் அரை மணி நேரம். ஆனால் மனு எழுதிக் கொடுத்து, பெயர் கூப்பிடும்வரை வெயிலில் நிற்கும் பொறுமை எனக்கு ஏது? ஒரு கார்டு போட்டால் முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றரைக்கு ஷிப்ட் முடிந்தது. நாலு மணிக்குத் தபால் எடுத்துவிடுவார்கள். பேரிங்குக்குக் கிரீஸ் வைத்த கையோடு, மெஷின் பக்கத்திலேயே நின்று எழுதினேன். “அம்மா நல்லா இருக்கு. நேத்து அவங்களே சோறு ஆக்குனாங்க. வெள்ளிக்கிழமை ஜாமீன் கிடைக்கும்.” மூன்று வரி. பெருவிரல் இரண்டும் மேல் மூலை இரண்டிலும் பதிந்தது. பார்த்தேன். எழுத்து தெரிகிறது, போதும் என்று பெட்டியில் போட்டேன். கை கழுவ மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

வெள்ளிக்கிழமை ஜெயில் வாசலில் நீ வெளியே வந்தபோது முதலில் யாரோ என்று நினைத்தேன். தலை மொட்டை. மீசை இல்லை.

“எங்கம்மா எப்பலே செத்தா?” என்றாய். “எவன் கொள்ளி வச்சான்?”

“என்னலே உளறுத? அம்மா நல்லாத்தான் இருக்கு!”

“நீதானலே கருப்பு தடவிக் கார்டு போட்ட!”

மூலையைப் பார்த்ததுமே கிழித்துவிட்டாயாம். “படிச்சுட்டுக் கிழிப்பா” என்று வார்டர் சொன்னாராம். “படிச்சா உறுதியாயிருமேன்னு பயந்துட்டேன்லே” என்றாய். மறுநாள் முடிவெட்ட வந்தவரிடம் தலையைக் கொடுத்திருக்கிறாய். நாலு நாள், உயிரோடு இருக்கும் தாய்க்கு நீ துக்கம் காத்திருக்கிறாய்.

நீ என்னை அடிப்பாய் என்று நின்றேன். என் வலது கையைப் பிடித்து, பெருவிரல் நகத்தைத் திருப்பிப் பார்த்தாய். உள்ளே கருப்பு.

“கை கழுவ மாட்டியாலே நீ?”

அவ்வளவுதான். எட்டு வருடமாகியும் அதைவிடப் பெரிய ஏச்சை நான் வாங்கவில்லை.

பஸ்ஸில் நீயே ஒரு பொய் தயார் செய்தாய். ஜெயிலில் பேன், அதனால் மொட்டை. வீட்டு வாசலில் உன் அம்மா உன்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

“தலையில பேனு சரி. மீசையிலயுமாலே பேனு?”

அவர்களே கண்டுபிடித்தார்கள். “எனக்கா?” என்று கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிறகு திடீரென்று சிரித்தார்கள். “நல்லதாப் போச்சு. மவன் தனக்குப் போட்ட மொட்டைய எந்த ஆத்தா கண்ணால பாத்திருக்கா?” தெரு முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஏதோ தப்பான சேதி வந்தது என்பதுதான் ஊருக்குத் தெரியும். யார் எழுதியது என்று நீ யாரிடமும் சொல்லவில்லை.

தொண்ணூற்று மூன்றில் உனக்கு மஞ்சள் காமாலை. ஒன்பதே நாளில் நீ போய்விட்டாய். அதன்பிறகு அந்தப் பேச்சை அவர்கள் எடுத்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் வருவேன். வாசலிலேயே ஒரு செம்புத் தண்ணீரும் சோப்பும் நீட்டுவார்கள். “மொதல்ல கையைக் கழுவுலே.” லீவு நாளில் என் கையில் என்ன கிரீஸ் இருக்கப்போகிறது? நீ அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனாயா? மூன்று வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் இந்தக் கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இனிக் கேட்க ஆளில்லை. போஸ்ட்மேன் எனக்கு எதைக் கொடுத்தாலும், இன்றைக்கும் முதலில் மூலையைத்தான் பார்க்கிறேன்.

பத்து மணிக்குத் தூக்குகிறார்கள். சற்று நேரத்துக்கு முன் உன் மாமா கேட்டார்: “எங்கக்காவுக்கு யாருப்பா மொட்டை போடுறது? மருமவன்தான் ஜெயிலுக்குள்ளயே போட்டுட்டுப் போயிட்டானே.” நான் போடுகிறேன் என்றேன்.

என் அம்மா பாய்ந்து வந்தாள். “ஏலே, பெத்தவங்க ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்கோம். ஊரான் சாவுக்கு நீ மொட்டை போடுவியா? எங்களுக்கு ஆகுமாலே?”

அவள் பயம் அவளுக்கு. உயிரோடு இருப்பவருக்காக விழுந்த மொட்டை என்ன செய்யும் என்று இந்தத் தெருவே பார்த்திருக்கிறது என்பாள். நான் மெஷின் படித்தவன், அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் உன் ஒன்பது நாளை எந்தக் கோளாறில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை:

1. மண்ணெண்ணெய் விட்டு, பிறகு சோப்புப் போட்டு, நகக்கண் வரை கை கழுவுவது.

2. பதினெட்டு கார்டும் எழுதுவது. கருப்புக்குப் பேனா மை. கிரீஸ் இல்லை.

3. உன் மாமாவிடம் அந்தக் கார்டை எழுதியது நான்தான் என்று சொல்வது.

4. ஒன்பது மணிக்குத் தலையைக் கொடுப்பது. மீசையும் சேர்த்து.

5. யாராவது கேட்டால், பேன் என்று சொல்லாமலிருப்பது.