கித்தேரி தின்ற பழம்

சேசு மரி சூசை

கோடைக்கானல்
9-6-1952

அன்பு மிகுந்த லீமாவுக்கு அடைக்கலராஜ் எழுதுவது. இங்கு நான் சுகம். நீயும் நம் மகள் கித்தேரியும் உன் அண்ணன் இருதயசாமி வீட்டாரும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் இருக்கும் போளூர் மலைக்கிராமத்திலிருந்து குதிரையில் பூண்டு மூட்டை ஏற்றி வரும் சுப்புராஜிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உனக்கும் உன் அண்ணனுக்கும் வாசிக்கத் தெரியாது. கித்தேரிதான் சத்தமாக வாசிப்பாள். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

சீசன் முடிந்து துரைமார் பாதிப்பேர் இறங்கிவிட்டார்கள். மூன்று நாளாக மழை. நீ விட்டுப்போன கோழி ஏழு குஞ்சு பொரித்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் குப்பம்மாள்தான் பார்த்துக்கொள்கிறாள். "ஒத்தை ஆளா இருந்துக்கிட்டு இம்புட்டுக் கோழி எதுக்குங்க?" என்று நேற்றுக் கேட்டாள். அந்தப் பெண்பிள்ளைக்கு வாய் அதிகம்.

லீமா, துரைமார் கிளப்பில் நான் என்ன செய்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. உன் அப்பா சாராயத்தில் போனவர். பெண் பார்க்க வந்த அன்று நீ ஆள் விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று, மாப்பிள்ளை குடிப்பாரா என்று. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு சொட்டு என் நாக்கில் பட்டதில்லை. அந்தப் பெருமையே எனக்குத் தலைக்கனமாகிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

ஏப்ரல் மாதம் ஒருநாள் கித்தேரி பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். ஊரெல்லாம் மதுவிலக்கு, உங்கப்பா மட்டும் பெர்மிட் வைத்திருக்கிற துரைமாருக்கு ஊற்றிக் கொடுக்கிறார் என்று கூடப் படிக்கும் பிள்ளைகள் கேலி செய்தார்களாம். "நீங்க அங்க என்ன சோலிதான் பாக்குறீங்கப்பா?" என்று கேட்டாள்.

எப்படிச் சொல்வது? துரைமாருக்கு நான் மது கலந்து ஊற்றுவது ஒற்றைக் கால்மேல் அகல வாய் வைத்த கண்ணாடிக் கிளாஸில். ஊற்றுவதற்கு முன்பே அது குளிர்ந்திருக்க வேண்டும். நம் ஊர்க் குளிருக்கு ஐஸ்கூட வேண்டாம், ஜன்னல் விளிம்பில் வைத்தால் போதும். காலைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், மேலே விரல் ரேகை பட்டால் அழகு போயிற்று. எலுமிச்சைத் தோலை வெள்ளை சேராமல் ஒரே இழையாகச் சீவி, முறுக்கி, விளிம்பில் தொங்கவிடுவேன். அடியில் ஒரு செர்ரிப் பழம், கப்பலில் போத்தலில் வருவது. சில துரைசானிமார் குடிக்காமல் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் அப்படிப் பார்ப்பதைக் காணத்தான் நான் இத்தனை மெனக்கெட்டேன்.

அதில் ஒன்றை என் மகளுக்கும் வைத்துக் கொடுக்க ஆசைப்பட்டேன். கோவிலில் முதல்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் புதுநன்மை நாளில், பூசை முடிந்து வந்து, நம் வீட்டு பிளம்ஸ் பழச்சாற்றை அந்தக் கிளாஸில் அவள் குடிக்க வேண்டும் என்று நினைத்தேன். அடி கொஞ்சம் உடைந்ததென்று ஒதுக்கிய கிளாஸ் ஒன்றையும் ஒரு செர்ரியையும் கிளப் செக்கரட்டரி துரையிடம் கேட்டு வாங்கினேன். செர்ரி சாராயத்தில் ஊறியது என்று எனக்குத் தெரியும். வெந்நீரில் மூன்று தடவை கழுவி முகர்ந்து பார்த்தேன், வாடை இல்லை. பன்னிரண்டு வருஷம் அந்த வாடையிலேயே நின்றவனுக்கு மூக்கு எங்கே வேலை செய்யும்? அது அப்போது என் புத்தியில் படவில்லை.

சாற்றைப் பூசைக்குப் பிறகு ஊற்றிக்கொள்ளலாம், கிளாஸ் குளிரட்டும் என்று பழத்தைப் போட்டு, விளிம்பில் சர்க்கரை ஒட்டி, முந்தின ராத்திரியே அடுப்படி ஜன்னலில் வைத்தேன். கிளப்பு வழக்கம் கையோடு வந்துவிட்டது. நடுச்சாமம் தொட்டு நன்மை வாங்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் படக்கூடாது என்று பிள்ளைக்கு இரண்டு மாதம் சொல்லிக் கொடுத்த வீட்டில், அவள் கண்மட்டத்தில் அதை வைத்தேன்.

மற்றது உனக்குத் தெரியும். வெள்ளைக் கவுனும் பூமுடியும் மெழுகுவர்த்தியுமாக வரிசையில் நின்ற பிள்ளை, "சிஸ்டர், நான் ஒரு பழம் தின்னுட்டேன்" என்று தானே சொன்னாள். குனிந்து கேட்ட சிஸ்டர், பிள்ளை வாயில் சாராய வாடை அடித்துச் சட்டென்று பின்னால் நகர்ந்தார். பதினெட்டுப் பிள்ளைகள் போய் வாங்கினார்கள், நம் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கோவில் வாசலில் நாலு பேர், பட்லர் தன் மகளுக்கே ஊற்றிக் கொடுத்துவிட்டான் என்றார்கள். நீ வீடு வந்ததும், "எங்கப்பன் வாடைக்குத் தப்பிச்சுத்தான் உங்ககிட்ட வந்தேன். இப்ப அது என் பிள்ளை வாயிலயே வந்துருச்சு" என்றாய். மறுநாள் வெள்ளனே அண்ணனோடு போய்விட்டாய். உன்மேல் எனக்குக் கோபமில்லை.

ஒன்றாம் தேதியிலிருந்து நான் பாரில் இல்லை. வராந்தாவில் டீ கொடுக்கிறேன். செக்கரட்டரி துரைக்கு வருத்தம்தான், இருக்கட்டும். பங்குச் சாமியாரைப் பார்த்தேன். பிள்ளைமேல் குற்றமே இல்லை, 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கூட்டி வா, நானே நன்மை கொடுக்கிறேன் என்றார். ஆனால் சுப்புராஜ் வேறு சொல்கிறார். கோவில் என்றாலே கித்தேரி எழுந்து போய்விடுகிறாளாம். "நான் பாவி, எனக்கு வேண்டாம்" என்கிறாளாம். அதைக் கேட்டதும் இதை எழுத உட்கார்ந்தேன்.

கித்தேரி, இனி எழுதுவது உனக்கு. அம்மாவுக்கும் கேட்கும்படி நிறுத்தி வாசி.

அன்று புறப்படும் முன் நம் வழக்கப்படி நீ முழந்தாளிட்டு எங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டாய். அதற்குச் சற்று முன்புதான் நான் அடுப்படிக்குள் போயிருந்தேன். கிளாஸில் பழம் இல்லை. பார்த்துவிட்டேன். யார் தின்றது என்பதும் தெரியும். ஒரு சின்னப் பழம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது, தைத்த கவுனும் கூப்பிட்ட விருந்தும் வீணாக வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு உன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினேன். வாசலில் அத்தனை பேர் பேசியபோதும், உன் அம்மா மூட்டை கட்டியபோதும் நான் இதைச் சொல்லவில்லை. ஊரே பார்க்க உண்மையைச் சொன்னது எட்டு வயதுப் பிள்ளை. ஒளித்தது நான்.

ஆகவே பாவி என்ற சொல்லை நீ இனி உனக்குச் சொல்லாதே, அம்மா. அது என்னுடையது. 22ஆம் தேதி வா. நான் கோவிலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று உன் தாய் சொன்னால் மழையானாலும் வெளியே நிற்கிறேன். இந்தத் தடவை நீ யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். முழந்தாளிட வேண்டியவன் நான்தான்.

சர்வேசுரன் உங்கள் இருவரையும் காப்பாராக.

உன் தகப்பன்,
லீமா சம்மதித்தால் அவள் புருஷன்,
அடைக்கலராஜ்