முரளி, அந்த இருமலை நீ விழுங்கியிருக்கலாம்

என் செல்ல முரளி,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. அழுகை நின்றுவிட்டது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

போன ஞாயிறு கலிபோர்னியாவில், சன்னிவேலில் இருக்கும் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டாயிரம் பிறக்கும் சமயம் ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலையில் உன்னோடு இருந்த நண்பர்களும் வந்திருந்தார்கள். சாப்பிடும்போது ஒருவர் சொன்னார்: "பாவம், கொரில்லா பாக்க ஆப்பிரிக்கா வரைக்கும் போயும் முரளியால மலை ஏற முடியல."

உன் சுதாவும் தலையாட்டினாள். அவளிடம்கூடச் சொல்லவில்லையா நீ? எல்லோரிடமும் 'மேல போக முடியல' என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டாயாமே.

ஏற முடியாதவனா நீ? கணையத்தில் புற்றுநோய், கொரில்லா பார்க்கப் போவதென்றால் இப்போதே போ என்று டாக்டர் சொன்னதும், தினமும் ஆபீசுக்கு முன்னால் குன்றேறிப் பழகியவன். சுதாவால் குழந்தையை விட்டு வர முடியாது என்பதால்தான் டெக்சாஸிலிருந்து நான் துணைக்கு வந்தேன். உகாண்டாவில் இறங்கிய அன்றே என்னைவிட வேகமாக மேடேறினாய்.

மறுநாள் காலை, காட்டுக்குள் நுழையும் முன் வழிகாட்டி நம் எல்லோரையும் நிறுத்தினார். யாருக்காவது சளி, இருமல் இருக்கிறதா என்று கேட்டார். மனிதரின் சளி தொற்றினால் கொரில்லாக் குடும்பமே செத்துப்போகலாம் என்றார். உனக்கு விமானத்திலேயே தொண்டை கட்டி இருமல் தொடங்கியிருந்தது. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சும்மா இரு முரளி."

"இல்லக்கா. அந்தக் குடும்பத்துல ஒரு குட்டி இருக்காம்."

"உன்னால இன்னொரு தடவ வர முடியுமாடா?"

"முடியாது. தெரியும்க்கா."

என் பிடியை உதறிவிட்டுக் கையைத் தூக்கினாய். வழிகாட்டி உனக்கு நன்றி சொல்லி, கீழேயே இருக்கச் சொன்னார். எனக்கு உன்னை அறையவேண்டும் போலிருந்தது. நானும் போகவில்லை என்றேன். "நீ பாத்துட்டு வந்து சொல்லு" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினாய். என்ன திமிர் அது?

சேற்றிலும் முள்ளிலும் ஏறினேன். முதுகெல்லாம் வெள்ளி ரோமத்தோடு பெரிய ஆண் கொரில்லா ஒன்று, உட்கார்ந்து தண்டு உரித்துத் தின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி, தாயின் மடியில் அந்தக் குட்டி. மூச்சு விடவே பயமாக இருந்தது.

அப்போது என் பக்கத்தில் ஒருவர் இருமினார். நம் கூட்டத்தில் வந்தவர்தான், ஒரு அமெரிக்கர். வாயைப் பொத்திக்கொண்டு மறுபடியும் இருமினார். காலையில் உனக்கு அடுத்து நின்று, வாயே திறக்காத மனிதர்.

அங்கே கத்தக்கூடாது. வழிகாட்டியின் சட்டையைப் பிடித்திழுத்துக் காட்டினேன். "இட்ஸ் ஜஸ்ட் எ காஃப், மேடம்" என்றார் அந்த ஆள்.

"என் தம்பிக்கும் வெறும் இருமல்தான். கீழே உட்கார்ந்திருக்கிறான். அவன் சாகப்போகிறவன்" என்று அவருக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் சொன்னேன்.

காவலர் ஒருவர் அவரைக் கீழே கூட்டிப்போனார். மீதி நேரம் கோபம் என் கண்ணை மறைத்தது. எதையும் சரியாகப் பார்க்கவில்லை. அவன் பார்த்தானே முரளி, நீ பார்க்கவில்லையே. இது எந்த ஊர் நியாயம்?

இறங்கி வந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "குட்டி நல்லா இருக்கா?" கை தூக்கியதைப் பற்றிப் பெரிதாகப் பேசாதே என்று என் வாயையும் கட்டினாய். சிரித்தாய் வேறு.

ஞாயிறன்று என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். சுதா எழுந்து உள்ளே போய்விட்டாள். உன் மகள் நித்யா மட்டும் என் பக்கத்தில் வந்து நின்று, "ஸோ ஹி குட் ஹேவ் கான், அத்தை?" என்றாள்.

"போயிருக்கலாம்டி. போகல."

பதினைந்து வயது ஆகாதவர்களை அந்தக் காட்டுக்குள் விடமாட்டார்கள். நித்யாவுக்கு ஆனதும் நானே கூட்டிப்போவேன். முட்டி வலித்தாலும் ஏறுவேன். வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே ஏறுவேன்.

கோபம் ஆறாத உன் அக்கா,
லலிதா
கேட்டி, டெக்சாஸ்